கை வாய்க்குப் போகும் வழி

திருச்சி தில்லைநகரில் இருக்கும் என் ஆலோசனை அறைக்கு நகம் கடிக்கிற பழக்கத்துக்காகவே நேராக வருகிறவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் சுற்றித்தான் வருவார்கள். நகச்சுத்தி வந்து விரல் வீங்கித் தோல் மருத்துவரிடம் போயிருப்பார்கள். அதே விரல் திரும்பத் திரும்பச் சீழ் கட்டுவதைப் பார்த்து அவர் என் பெயரைச் சீட்டில் எழுதி அனுப்புவார். பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைக்கு முன்பல்லில் ஒட்டிய கம்பி அடிக்கடி பெயர்ந்து வந்தால் பல் மருத்துவர் அனுப்புவார். நிச்சயதார்த்தத் தேதி குறித்த பிறகு தனியாக வரும் பெண்கள் உண்டு. "மோதிரம் போடுறப்ப எல்லாரும் கையைத்தானே மேடம் பார்ப்பாங்க" என்பார்கள், கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டே.

நான் மருத்துவ உளவியலாளர். மாத்திரை எழுதுவதில்லை. பேச்சும் பயிற்சியும்தான் என் கருவிகள். மனச்சோர்வு, பதற்றம், பிள்ளைகளின் படிப்புச் சிக்கல் என்று பலவற்றுக்கும் ஆட்கள் வருகிறார்கள். அவற்றுக்கு நடுவே நகம் கடிப்பது மிகச் சின்ன விஷயமாகத் தெரியும். "இதுக்கெல்லாமா ஒரு டாக்டர்?" என்று கூட வந்த மாமா கேட்பார். ஆனால் இத்தனை காலம் இந்தத் தொழிலில் இருந்து நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதியைக் கற்றுக்கொடுத்தது இந்தச் சின்ன விஷயம்தான். ஒரு மனிதர் தனக்கே தெரியாமல் நாளெல்லாம் ஒன்றைச் செய்துகொண்டிருக்க முடியும். அதை அவருக்குத் தெரியவைத்தாலே பாதிப் பிடி தளர்ந்துவிடும். இதை நகம் கடிக்கிறவர்களிடம் பார்க்கிற அளவுக்கு வெளிச்சமாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

கையைக் காட்டு என்று நான் முதலில் கேட்பதில்லை. அம்மாக்கள் உட்கார்ந்த உடனே பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மேஜைமேல் வைப்பார்கள். "பாருங்க மேடம், ஒரு விரல்லயாவது நகம் இருக்கா?" பிள்ளை விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்ளும். அந்த மடக்கலே எனக்கு ஒரு செய்தி. இந்தக் கை வீட்டில் எத்தனை முறை இப்படி இழுத்துக் காட்டப்பட்டிருக்கும்! அத்தை வந்தால் காட்டுவார்கள், பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் காட்டுவார்கள், டீச்சரிடம் காட்டுவார்கள். அதனால் கையை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம், நண்பர்கள், பிடித்த பாடம், பிடிக்காத பாடம் என்று பேசிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் கை தானாகவே விரியும். சில பிள்ளைகள் பேச்சுவாக்கில் விரலை வாய்க்குக் கொண்டுபோய்விடுவார்கள். அம்மா கையைத் தட்ட வருவார். வேண்டாம் என்று கண்ணால் சொல்லிவிடுவேன்.

கை விரிந்த பிறகு நிதானமாகப் பார்ப்பேன். நகத்தின் வெள்ளை ஓரமே இருக்காது. நகம் முடிகிற இடத்துக்கு மேலே விரல் நுனிச் சதை திரண்டு நிற்கும். நகக்கண் ஓரத்தில் தோல் உரிந்து, காய்ந்த ரத்தப்பொட்டு இருக்கும். கட்டைவிரல் நகத்தின் நடுவில் வரிசையாகக் குறுக்குப் பள்ளங்கள் இருந்தால் அது கடியால் வந்ததில்லை. ஆள்காட்டி விரலால் நகத்தின் அடித்தோலைப் பின்னால் தள்ளித் தள்ளி வருவது. அதுவும் இந்தப் பழக்கத்தின் ஒன்றுவிட்ட உறவுதான். பத்து விரலும் ஒரே மாதிரி தேய்ந்த கைகள் உண்டு. ஆனால் ஒரு கை கூடுதலாகத் தேய்ந்திருப்பதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வலது கையால் எழுதுகிற பிள்ளைக்கு அது இடது கையாக இருக்கும். எழுதும்போது அந்தக் கைக்குத்தான் வேலையில்லை.

இன்னொன்றையும் தேடுவேன்: தப்பித்த விரல். எவ்வளவு மோசமான கையிலும் ஒரு விரல், பல சமயம் சுண்டுவிரல், ஓரளவு தப்பித்திருக்கும். "இந்த விரலை எப்படி விட்டுவெச்ச?" என்று கேட்டால் பிள்ளை ஆச்சரியத்தோடு தன் கையையே பார்க்கும். அதுவரை எல்லோரும் கடித்த விரல்களை மட்டும் எண்ணிக் காட்டியிருப்பார்கள். கடிக்காத ஒன்று இருக்கிறது என்பது அதற்கே புதுச் செய்தி. என் வேலையை அந்த விரலிலிருந்து தொடங்குவேன்.

இந்தப் பழக்கம் மூன்று நான்கு வயதுக்கு முன்னால் அரிது. பள்ளிக்கூட வயதில் தொடங்கி, பதின்வயதை ஒட்டி உச்சத்துக்குப் போகும். பிறகு பலருக்குத் தானாகவே குறையும், சிலருக்குக் குறையாது. மக்கள்தொகையில் 20 முதல் 30 சதவீதம் பேர் நகம் கடிப்பார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய்ப் பட்டியலில் குழந்தைப் பருவத்தில் தொடங்கும் நடத்தைச் சிக்கல்களில் இதைச் சேர்த்திருந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் கையேடு, உடலைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களில் ஒன்றாகக் கொண்டு, எண்ணச் சுழற்சி நோயின் சுற்றுவட்டத்தில் இதை வைத்தது. முடி பிடுங்குவதும் தோலைக் கிள்ளுவதும் இதன் பக்கத்து வீடுகள். இதைக் கேட்டுப் பெற்றோர் பயந்துவிடக் கூடாது. நகம் கடிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எந்த நோய்ப்பெயரும் தேவையில்லை. புண்ணாகிறது, விட நினைத்தும் முடியவில்லை, அதனால் வெட்கமும் வேதனையும் உண்டாகிறது என்று வரும்போதுதான் அது சிகிச்சைக்குரிய விஷயம்.

கெடுதல் இல்லாமலும் இல்லை. நகத்தைச் சுற்றிய தோல் கிழிந்தால் கிருமி உள்ளே போய் நகச்சுத்தி வரும். விரலில் மரு இருந்தால் மற்ற விரல்களுக்கும் உதட்டுக்கும் பரவும். நக இடுக்கில் இருக்கும் கீரிப்பூச்சி முட்டை வயிற்றுக்குள் போகும். முன்பல்லின் விளிம்பு சிதறும், நகச்சில்லு குத்தி ஈறு புண்ணாகும். அடிவரை கடித்து நகம் முளைக்கிற இடமே சேதமானால் நகம் நிரந்தரமாகக் கோணலாகவே வளரும்.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972, 1973இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து பார்த்துவரும் ஆய்வைப் பற்றிப் படித்துவிட்டுச் சில அப்பாக்கள் கேட்பார்கள், "கடிக்கிறது நல்லதுன்னு சொல்றாங்களே?" 2016இல் வெளியான முடிவு அது. சிறுவயதில் விரல் சூப்பியவர்களுக்கும் நகம் கடித்தவர்களுக்கும் 13 வயதில் தோலில் செய்த ஒவ்வாமைச் சோதனையில் எதிர்வினை குறைவாக இருந்தது. 32 வயதிலும் அந்த வித்தியாசம் நின்றது. ஆனால் ஆஸ்துமாவிலோ தும்மல் ஒவ்வாமையிலோ வித்தியாசம் இல்லை. கடிக்கச் சொல்லி ஆய்வாளர்கள் யாருக்கும் அறிவுரை தரவும் இல்லை. கடிக்கிற பிள்ளையைப் பார்த்துப் பதறாமல் இருக்க இந்தச் செய்தி உதவினால் எனக்குச் சந்தோஷம். அதற்கு மேல் அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

என்னிடம் வருவதற்குள் வீட்டு வைத்தியம் எல்லாம் முடிந்திருக்கும். வேப்பெண்ணெய், அரைத்த வேப்பிலை, பாகற்காய்ச் சாறு, கற்றாழை என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்திருப்பார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் கசப்பு நகப்பூச்சும் வந்து போயிருக்கும். அந்தப் பூச்சுகள் பலவற்றில் இருப்பது டெனடோனியம் என்கிற உப்பு. 1958இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், மரத்துப்போகச் செய்யும் மருந்துக்கான ஆராய்ச்சியின் நடுவே தற்செயலாகக் கிடைத்தது. உலகத்திலேயே இதற்கு மேல் கசப்பு இல்லை என்பார்கள். கசப்பால் ஒரு பயன் உண்டு: கை வாய்க்கு வந்துவிட்டது என்று பிள்ளைக்கு நினைவூட்டும். பிள்ளையே விரும்பித் தடவிக்கொண்டால் அந்த நினைவூட்டல் உதவும். பெரியவர்கள் பிடித்து வைத்துத் தடவினால் அது தண்டனை. சட்டையில் துடைத்துவிட்டுப் பிள்ளை கடிக்கும், அல்லது கசப்பையே பழகிக்கொள்ளும். மிளகாய்ப்பொடியை யாரும் தடவவே கூடாது. தூக்கத்தில் கண்ணைக் கசக்கிவிட்டு அலறிய பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.

இவற்றையெல்லாம்விட ஆழமாகப் போவது வாய்ச்சொல். "நகம் கடிச்சா தரித்திரம்", "வீட்டுக்கு ஆகாது" என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். சுத்தத்துக்காகச் சொன்ன சொல்லாக இருக்கலாம். சொல்கிற பெரியவர்களுக்கும் பிள்ளைமேல் அக்கறைதான். ஆனால் பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதை ஒரு சிறுமி எனக்குச் சொன்னாள். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன், அவளுடையதையும் மற்றவர்களுடையதையும். நான்காம் வகுப்பு. அப்பாவின் கடையில் வியாபாரம் படுத்து, கடன் ஏறி, வீட்டில் நகை அடகுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். படம் வரையச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஷட்டர் போட்ட கடை ஒன்றை வரைந்தாள். யார் கடை என்று கேட்டேன். தலை நிமிராமல் சொன்னாள்: "எங்க அப்பா கடை, மிஸ். நான் நகம் கடிச்சதாலதான் மூடிட்டாங்க." ஒரு வீட்டின் கடன் முழுவதையும் தன் பத்து விரலில் சுமந்துகொண்டிருந்தது அந்தக் குழந்தை. அந்தப் பாரத்தில் இன்னும் அதிகமாகக் கடித்தாள்.

அன்று அவளுடைய அப்பாவைத் தனியாக உட்காரவைத்து இதைச் சொன்னேன். அவர் உடனே எழுந்து வெளியே போய், அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கடை ஏன் மூடியது என்பதை அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். எதிரே பெரிய கடை வந்தது, வாங்கிய சரக்கு விற்கவில்லை என்று சாதாரணமாகச் சொன்னார். நகச் சிகிச்சை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அவளைப் பொறுத்தவரை கடினமான பகுதி அன்றே முடிந்துவிட்டது.

நான் செய்யும் சிகிச்சையின் அடிப்படையைப் போட்டவர்கள் நேதன் அஸ்ரின், கிரெகரி நன் என்கிற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். 1973இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் நகம் கடித்தல், விரல் சூப்புதல், தலையை வெட்டி வெட்டி ஆட்டுதல் போன்ற பழக்கங்கள் கொண்ட 12 பேருக்குக் கொடுத்த பயிற்சி விவரிக்கப்பட்டிருக்கிறது. பழக்கத்தைத் திருப்பும் பயிற்சி என்று அதைச் சொல்லலாம். அதுவரை இதற்கு ஆழ்மனக் காரணம் தேடியவர்கள் ஒரு பக்கம், தண்டனை தந்தவர்கள் மறுபக்கம். இவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு ஒரு எளிய விஷயத்தைப் பிடித்தார்கள். பழக்கம் நடக்கும்போது அதைச் செய்கிறவருக்கே தெரிவதில்லை. முதலில் அவருக்குத் தெரியட்டும். பிறகு, அதே நேரத்தில் செய்ய முடியாத வேறொரு வேலையைக் கைக்குக் கொடுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இதற்கான சிகிச்சையில் முதலிடம் இன்னும் அதற்குத்தான்.

எப்படி நடக்கிறது என்று ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு. பெற்றோரிடமும் அவனிடமும் கேட்டுக்கொண்டு, அவன் கணக்குப் போடும்போது கைபேசியில் படம் எடுத்தேன். வலது கையில் பென்சில். இடது முழங்கை மேஜைமேல். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஒரு பின்னக் கணக்கில் நின்றான். அப்போது இடது கையின் கட்டைவிரல் நகர்ந்தது. ஆள்காட்டி விரலின் நகத்தை ஓரமாகத் தடவியது. அடுத்து நடுவிரலுக்குப் போனது. அங்கே ஓரிடத்தில் நின்று, திரும்பி வந்து, அதே இடத்தை மறுபடி தடவியது. ஏதோ ஒரு சின்னப் பிசிறு. பிறகு கை மெல்ல மேலே போனது, பல்லுக்கு இல்லை, கீழுதட்டுக்கு. உதட்டில் அந்தப் பிசிறை வைத்து இரண்டு முறை தேய்த்தான். தலை லேசாகச் சாய்ந்தது. அதற்குப் பிறகுதான் பல். இவ்வளவும் நடக்கும்போது அவன் கண் கணக்கைவிட்டு அகலவே இல்லை.

அதை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். கேலி இல்லாமல், அம்மா பக்கத்தில் இல்லாமல். இரண்டாவது முறை மெதுவாக ஓடவிட்டோம். திரையில் விரலை வைத்து நிறுத்தினான். "மிஸ், வாய் இல்ல மிஸ். கட்டைவிரல்தான் ஆரம்பிச்சு வைக்குது." என் தொழிலில் எனக்கு இதைவிடப் பிடித்த நேரம் கிடையாது. வீட்டில் எல்லோரும் வாயைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்கு வரும்போது காரியம் முடிந்துவிட்டிருக்கும். பிடிக்க வேண்டிய இடம் கீழே, கட்டைவிரல் தேடத் தொடங்குகிற இடம். அதை அவனே கண்டுபிடித்தான்.

பிறகு மூன்று வேலைகள். முதலாவது, வழியைத் திரும்ப நடிப்பது. வேண்டுமென்றே கட்டைவிரலால் தடவி, கையைத் தூக்கி, உதட்டுக்கு முன்னால் நிறுத்தச் சொல்வேன். திரும்பத் திரும்பச் செய்யும்போது தானாக ஓடிய ஒன்று கண்ணுக்கு முன்னால் படிப்படியாகப் பிரியும். இரண்டாவது, மாற்று வேலை. கட்டைவிரலை உள்ளே வைத்து முட்டி மடக்கிக்கொள்வது, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொள்வது, பேனாவை அழுத்திப் பிடிப்பது. அஸ்ரினும் நன்னும் மூன்று நிமிடம் பிடிக்கச் சொன்னார்கள். இன்று பலர் ஒரு நிமிடம் போதும் என்கிறோம். வகுப்பில் யாருக்கும் தெரியாமல் செய்ய முடிவதாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பையன் பெஞ்சு விளிம்பைத் தேர்ந்தெடுத்தான். கட்டைவிரல் அசைந்ததும் பிடிப்பான். வாய்க்கு வந்த பிறகு நினைவு வந்தாலும் பரவாயில்லை, அப்போது பிடித்தாலும் கணக்கில் சேரும்.

மூன்றாவது, வீடு. இதுதான் சிரமமான பாகம். அதட்டலை நிறுத்த வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு சைகை, பிள்ளையே சம்மதித்த சைகை. இந்த வீட்டில் அம்மா தன் வளையலைத் தொடுவார் என்று முடிவானது. விருந்தாளிகள் இருந்தாலும் அது வேறு யாருக்கும் புரியாது. அவனுடைய அப்பாயிக்கு இது பிடிக்கவில்லை. "கையில நாலு போட்டா சரியாயிரும், வளையலைத் தொடுறதாம்" என்றார். நான் அவரிடம் வாதம் செய்யவில்லை. அவருக்கென்று ஒரு வேலை கொடுத்தேன். தினமும் ராத்திரி படுக்கும்போது பேரனின் விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவிவிட வேண்டும், அப்போது கடித்ததைப் பற்றிப் பேசக் கூடாது, ஆறிய இடத்தை மட்டும் சொல்ல வேண்டும். எண்ணெய் படப்பட நகக்கண் ஓரத்து வறண்ட தோல் இளகும். பல்லுக்கு அகப்படுகிற பிசிறு குறையும். ஆனால் நான் எண்ணெய்க்காக மட்டும் அதைச் சொல்லவில்லை. அடுத்த முறை வந்தபோது அந்த அம்மாள் பையனின் கையை அவரே எனக்குக் காட்டினார். "இந்த விரல் நல்லா ஆறிருச்சு மேடம், பாருங்க." பையன் கையை மடக்கவில்லை.

பிசிறைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகம் கடிப்பதைப் பயத்தோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறோம். வினாத்தாள் வரும் முன் கடிப்பது, கிரிக்கெட்டில் கடைசி ஓவரில் கடிப்பது எல்லாம் உண்மைதான். ஆனால் என்னிடம் வந்த பெரியவர்களில் பலர் பயந்த சுபாவமே இல்லாதவர்கள். ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதும் ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், "எனக்கு டென்ஷனே கிடையாது மேடம், ஆனா மார்ச் மாசம் வந்தா விரல்ல சதைதான் மிஞ்சும்" என்றார். எப்போது கடிக்கிறார் என்று ஒரு வாரம் குறித்துவரச் சொன்னேன். இரண்டே சமயங்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன: கணக்கு டேலி ஆகாமல் நிற்கும்போது, கம்ப்யூட்டர் பதில் சொல்வதற்காகச் சும்மா காத்திருக்கும்போது. மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. இப்படிப்பட்ட பழக்கம் உள்ள 24 பேரையும் இல்லாத 24 பேரையும் பலவிதமான சூழல்களில் வைத்துப் பார்த்தார்கள். பழக்கம் உள்ளவர்களுக்குச் சலிப்பிலும் எரிச்சலிலும் உந்துதல் கூடியது; எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்கிற குணமும் அவர்களிடம் தென்பட்டது.

இந்த மனிதரும் அப்படித்தான். பேரேட்டில் ஒரு பைசா உதைத்தாலும் விடமாட்டார். நகத்தில் ஒரு பிசிறு இருந்தாலும் விடமாட்டார். சமமாக்கத்தான் கடிக்கிறார். ஆனால் பல்லால் எதையும் சமமாக்க முடியாது. ஒரு பிசிறைக் கடித்தால் அங்கே இன்னும் இரண்டு பிசிறு வரும். அதனால் அவருக்கு நான் முதலில் கொடுத்தது உப்புத்தாள் ஒட்டிய சின்ன நக ஃபைல். மேஜையில் ஒன்று, சட்டைப்பையில் ஒன்று, வண்டிப் பெட்டியில் ஒன்று. விரல் பிசிறைக் கண்டுபிடித்ததும் ஃபைலை எடுத்து ஒரே பக்கமாக இரண்டு இழுப்பு. பிசிறு போய்விடும், தேடுவதற்கும் எதுவும் இருக்காது. காத்திருக்கும் நேரத்துக்கு இடது கையில் பழைய சாவிக்கொத்து ஒன்றை வைத்துக்கொண்டார். சரியாகச் செய்ய வேண்டும் என்கிற அவருடைய குணத்தை மாற்ற நான் முயலவில்லை. அந்தக் குணத்துக்குச் சரியான கருவியைக் கொடுத்தேன். அடுத்த மார்ச்சில் கட்டைவிரல் ஒன்று மட்டும்தான் அடிபட்டது.

முட்டி மடக்குவது சிலருக்கு ஒத்துவராது. வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது கோபமாகத் தெரியும். இவர்களுக்கு இப்போது இன்னொரு வழி இருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஸ்டெஃபன் மோரிட்ஸும் குழுவினரும் 268 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2023இல் வந்தது. கடிக்கவோ பிடுங்கவோ தோன்றும்போது விரல் நுனிகளையோ உள்ளங்கையையோ கைப்புறத்தையோ லேசாக, இதமாகத் தடவிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். ஆறு வாரத்தில் பயிற்சி செய்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு முன்னேற்றம் தெரிந்தது. பயிற்சிக்காகக் காத்திருந்த குழுவில் ஐந்தில் ஒருவருக்குத்தான். நான் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது பலர் முகம் இளகுவதைப் பார்க்கிறேன். தன் கையைத் தானே அடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டு, மறைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அதே கையை இதமாகத் தொடச் சொன்னதே அவர்களுக்கு ஒரு ஆறுதல்.

எல்லா நகக்கடியும் இவ்வளவில் நின்றுவிடாது. விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்த ஒரு பெண்ணைப் பெற்றோர் அழைத்துவந்தார்கள். பத்து விரலிலும் பிளாஸ்திரி. நகம் தீர்ந்து, சுற்றித் தோலைக் கடித்து, அதுவும் போய் விரல் மடிப்புகளுக்கு வந்திருந்தாள். தூக்கம் போயிருந்தது, சோறு இறங்கவில்லை. வாராவாரம் தேர்வு, வாராவாரம் பெயரோடு மதிப்பெண் பட்டியல். வீட்டுக்குப் பேசக் கிடைத்த நேரத்திலும் முதல் கேள்வி மதிப்பெண்ணைப் பற்றித்தான். இங்கே பெஞ்சு விளிம்பைப் பிடிக்கச் சொல்வது போதாது. மனநல மருத்துவரிடமும் அனுப்பினேன். தூக்கத்தைச் சரிசெய்வதும் பதற்றத்துக்கான சிகிச்சையும்தான் முதலில். பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: போனில் மதிப்பெண் பேச்சு வேண்டாம், சாப்பிட்டாயா, தூங்கினாயா, சிரித்தாயா என்று கேளுங்கள். அந்த அப்பா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சரி என்றார். சொன்னபடி நடந்தும் கொண்டார். அவள் தேறினாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள், தேர்வுக்காலத்தில் இன்னும் கொஞ்சம் கடிக்கிறாள். அது எனக்குக் கவலையில்லை.

ஆகவே, ரத்தம் வருமளவு கடித்தால், சதையைக் கடித்தால், தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், முடி பிடுங்குவதும் சேர்ந்துகொண்டால், இதுவரை கடிக்காத பிள்ளை திடீரென்று கடிக்கத் தொடங்கினால், விரலை மட்டும் பார்க்காதீர்கள். பள்ளியில் யாராவது மிரட்டுகிறார்களா, வீட்டில் சண்டை நடக்கிறதா, யாரையாவது இழந்திருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை வாயால் சொல்லாததைச் சில சமயம் விரலால் சொல்கிறது.

பொறுமைக்கு ஒரு அளவுகோலும் இருக்கிறது. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகமும் அடியிலிருந்து புதிதாக வர ஏறக்குறைய ஆறு மாதம். நடுவிரலில் வேகம் கூடுதல். அதனால் பலன் கண்ணுக்குத் தெரியவே சில வாரம் ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். பிள்ளையோடு பேசி ஒரு விரலைத் தேர்ந்தெடுத்து, அந்த ஒன்றை மட்டும் முதலில் வளர்ப்போம். தப்பித்த விரலாக இருந்தால் இன்னும் நல்லது. நகவெட்டியால் அந்த நகத்தை முதன்முதலாக வெட்டுகிற நாளைச் சில வீடுகளில் பாயசம் வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். வெட்டுவதற்கு நகம் இருப்பதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய காரியம். நடுவில் தேர்வு வரும், காய்ச்சல் வரும், ஒரே ராத்திரியில் நாலு விரலும் போய்விடும். "பழையபடி ஆயிடுச்சு மேடம்" என்று அழுதுகொண்டு வருவார்கள். பழையபடி ஆகவில்லை. கட்டைவிரல் எங்கே தொடங்குகிறது என்று அந்தப் பிள்ளைக்கு இப்போது தெரியும். தெரிந்தது மறந்துபோகாது. திரும்பப் பிடித்துக்கொள்ள முதல் முறை ஆன அளவு நாள் ஆவதில்லை.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று பெற்றோர் என்னிடம் சொல்லும்போதெல்லாம் நான் மறுத்துவிடுவேன். ஐம்பது வயதில் விட்டவர்களுக்கு நானே பயிற்சி கொடுத்திருக்கிறேன். அவர்கள் யாரும் மனஉறுதி இல்லாததால் அதுவரை கடித்தவர்கள் இல்லை. எப்போது கடிக்கிறோம் என்பதை அதுவரை யாரும் அவர்களுக்குப் பொறுமையாகக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் நகம் கடிக்கிற பிள்ளை இருந்தால், அல்லது அது நீங்களாகவே இருந்தால், இந்த ஒரு வாரம் எதையும் தடுக்காதீர்கள். தட்டாதீர்கள், தடவாதீர்கள், திட்டாதீர்கள். ஒரு தாளில் குறித்து மட்டும் வையுங்கள்: எந்த நேரம், என்ன வேலை நடுவே, எந்தக் கை, எந்த விரல், அதற்கு முன் கை எங்கே இருந்தது. பிள்ளை எழுதத் தெரிந்த வயதாக இருந்தால் அதுவே எழுதட்டும். என்னிடம் வந்தாலும் வேறு யாரிடம் போனாலும் அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். சிகிச்சையில் எங்களுக்கு முதலில் வேண்டியது அதுதான். சில வீடுகளில் அந்தத் தாளை நிரப்பிய வாரத்திலேயே கடிப்பது குறையத் தொடங்கியிருக்கிறது.